தரைக்கும் ஒரு சரித்திரம் உண்டு – பவானிப் பக்கத்து வீடுகளை முன்வைத்து



வரலாறு என்றதும் நமக்கு ஞாபகம் வருவது ராஜாக்கள், போர்கள், கோயில்கள், அப்புறம் பரீட்சைக்காக மனப்பாடம் செய்த வருடங்கள். காலையில் எழுந்ததும் முதலில் கால் வைக்கிற தரைக்கும் ஒரு வரலாறு இருக்குமே என்று யாரும் யோசிப்பதில்லை. இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

எந்தத் தரையாக இருந்தாலும் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஒன்று, மண்ணிலிருந்து மேலே ஏறும் ஈரம் எங்கே போகும்? இரண்டு, அந்தத் தரையை யார் பராமரிப்பது? சாணித் தரையிலிருந்து இன்றைய பாலிஷ் கான்கிரீட் வரைக்கும் இந்த இரண்டு கேள்விகளை வைத்தே பார்த்துவிடலாம்.

ஊரும் மண்ணும்

பவானி இரண்டு ஆறுகளுக்கு நடுவில் இருக்கிற ஊர். காவிரியும் பவானியும் கூடுகிற கூடுதுறை எல்லோருக்கும் தெரியும். 13ம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட காலிங்கராயன் வாய்க்கால் இங்கிருந்துதான் கிளம்புகிறது. கொங்கு நாட்டில் மழை குறைவு. ஆனால் ஆற்றோரத்திலும் வாய்க்கால் ஓரத்திலும் நிலத்தடி ஈரம் அதிகம். வெள்ளம் வந்தால் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் வந்துவிடும். 2018லும் 2022லும் பவானியின் ஆற்றோரத் தெருக்கள் அதைப் பார்த்தன.

மண்ணிலும் வேறுபாடு உண்டு. செம்மண் காட்டில் கட்டிய வீடு பெரிதாகத் தொல்லை தராது. சூலூர், பல்லடம், பொள்ளாச்சி என்று மேற்கே போனால் பல இடங்களில் கரிசல் வந்துவிடும். கரிசலில் உள்ள களிமண் ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். மேலே போட்ட தரையும் அதோடு சேர்ந்து தூக்கும், இறங்கும். விரிசல் விடுவது அதனால்தான்.

சாணி மெழுகிய தரை

நம் தாத்தா பாட்டி காலத்தில் பெரும்பாலான வீடுகளில் மண் தரைதான். மண்ணைக் கொட்டி, தண்ணீர் தெளித்து, திமிசுக் கட்டையால் இடித்துக் கெட்டியாக்குவார்கள். அதன் மேல் சாணியைக் கரைத்து மெழுகுவார்கள். சாணியில் உள்ள நார் மண்ணைப் பிடித்துக்கொள்ளும், புழுதி கிளம்பாது. நெல்லும் ராகியும் அடிக்கிற களத்துக்கும் இதே வைத்தியம்தான்.

முதல் கேள்விக்கு இந்தத் தரை நல்ல பதில் சொன்னது. ஈரம் கீழிருந்து ஏறினாலும் மேல்புறமாக ஆவியாகிப் போய்விடும். எதுவும் அடைபடாது, அதனால் எதுவும் பெயர்ந்து வராது. வெயில் காலத்தில் குளுகுளுவென்று இருக்கும்.

பவானிக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. பவானி ஜமக்காளம் நெய்வது குழித்தறியில். வீட்டுத் தரையிலேயே குழி தோண்டி, நெசவாளர் அதில் காலை விட்டு உட்கார்ந்து மிதிகட்டையை மிதிப்பார். குழியின் ஈரம் பருத்தி நூலுக்கு நல்லது, காய்ந்த நூல்தான் சீக்கிரம் அறும். அந்தத் தறியில் நெய்து வருவதும் தரையில் விரிக்கிற ஜமக்காளம்தான். 2005-06ல் இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. வேறு ஊர்க்காரர்கள் தரையை மூடுவதற்கு இந்த ஊர்க்காரர்கள் தங்கள் தரையைத் தோண்டினார்கள் என்று வேடிக்கையாகச் சொல்லலாம் :-)

இரண்டாவது கேள்விக்கு வந்தால்தான் சங்கடம். மெழுகிய தரை சில நாட்களில் பொரிந்துவிடும். திரும்பவும் மெழுக வேண்டும். சாணி அள்ளுவது, கரைப்பது, குனிந்தும் குத்தவைத்தும் மூலை மூலையாக மெழுகுவது எல்லாம் வீட்டுப் பெண்களின் வேலை. பொங்கலுக்குக் காப்புக் கட்டுவதற்கு முன்னால் வீடு முழுக்க வெள்ளையடித்து மெழுகியாக வேண்டும். "அந்தக் காலத்துத் தரை ஆரோக்கியம்" என்று பெருமூச்சு விடுகிறவர்களில் எத்தனை பேர் ஒரு தடவையாவது மெழுகியிருப்பார்கள்?

ஆரோக்கியம் என்பதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மெக்சிகோவில் கோவவீலா என்ற மாநிலம் 2000ல் ஏழைகளின் மண் தரைகளுக்குச் சிமெண்ட் போட்டுக் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. அதன் பலனை அளந்து 2009ல் ஓர் ஆய்வு வந்தது. மண் தரை முழுக்கச் சிமெண்ட் ஆன வீடுகளில் குழந்தைகளுக்கு வரும் ஒட்டுண்ணித் தொற்று 78 சதவீதமும் வயிற்றுப்போக்கு 49 சதவீதமும் குறைந்தன என்று அது சொன்னது. தரை மாறியதால் குழந்தைகளின் உடம்பே மாறியிருக்கிறது.

சுண்ணாம்புக் காரை

வசதியான வீடுகளிலும் கோயில் மண்டபங்களிலும் சுண்ணாம்புக் காரை இருந்தது. சுண்ணாம்புக் கல்லைக் காளவாயில் சுட்டு, தண்ணீரில் தாளித்து, மணலோடு சேர்த்துக் கல் சக்கரத்தில் மாடு கட்டி அரைப்பார்கள். கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லப்பாகும் சேர்ப்பதுண்டு. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மெல்ல மெல்லத் திரும்பவும் கல்லாகிறது. நாள் பிடிக்கும், ஆனால் நன்றாக மூச்சு விடும் தரை. கூலியும் நேரமும் அதிகம் என்பதால் எல்லோருக்கும் எட்டவில்லை.

சிமெண்ட் வந்த கதை

இன்று நாம் பயன்படுத்தும் போர்ட்லண்ட் சிமெண்டுக்கு இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை வாங்கியது 1824ல். இந்தியாவில் இதைத் தயாரிக்கும் முதல் முயற்சி நம் சென்னையில்தான், 1904ல், கடல் சிப்பியை வைத்து நடந்தது. அது நிலைக்கவில்லை. வியாபார ரீதியாக உற்பத்தி நிலைத்தது 1914ல், குஜராத்தின் போர்பந்தரில்.

கொங்கு நாட்டுக்கு முக்கியமான வருடம் 1934. கோவையை அடுத்த மதுக்கரையில் சிமெண்ட் ஆலை வந்தது அப்போதுதான். அதே வருடம்தான் மேட்டூர் அணையும் திறக்கப்பட்டது. அப்புறம் 1963ல், பவானிக்குப் பக்கத்திலேயே சங்ககிரியில் இந்தியா சிமெண்ட்ஸ் ஆலை வந்தது.

ஆலை பக்கத்தில் இருந்தும் ஊரெல்லாம் சிமெண்ட் தரை வந்துவிடவில்லை. காரணம் கட்டுப்பாடு. விலையையும் விநியோகத்தையும் அரசாங்கம் வைத்திருந்தது. வீடு கட்ட வேண்டுமென்றால் பெர்மிட் வாங்கிக் காத்திருக்க வேண்டும். சிமெண்ட் ஒதுக்கீடு சம்பந்தப்பட்ட குற்றச்சாட்டில் மகாராஷ்டிர முதல்வர் ஏ.ஆர்.அந்துலே 1982 ஜனவரியில் பதவி விலக நேர்ந்தது என்றால், ஒரு மூட்டைக்கு இருந்த மதிப்பை யோசித்துப் பாருங்கள். 1982ல் கட்டுப்பாடு பாதி தளர்ந்தது, 1989ல் முழுக்க நீங்கியது. சாமானியர் வீட்டுக்குச் சிமெண்ட் சுலபமாகக் கிடைத்தது அதற்குப் பிறகுதான். அப்படியும் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்திய வீடுகளில் 46 சதவீதத்துக்கு மேல் மண் தரைதான்!

காவித் தரை

சிமெண்ட் வந்ததும் நம் கொத்தனார்கள் அதிலிருந்து ஓர் அழகை எடுத்தார்கள். அதுதான் ரெட் ஆக்சைடு தரை, ஊர்ப் பேச்சில் காவித் தரை. இரும்பு ஆக்சைடு பொடியைச் சிமெண்டோடு, ஏறக்குறைய 3 பங்குக்கு 1 பங்கு கலந்து, ஈரமான தளத்தின் மேல் மெல்லிசாகப் பூசுவார்கள். அப்புறம்தான் உண்மையான வேலை. பூச்சு இறுகிக்கொண்டே வரும்போது கரணையால் திரும்பத் திரும்ப இழுத்து இழுத்துத் தேய்க்க வேண்டும். சீக்கிரம் தேய்த்தால் குழையும், தாமதமானால் கரணை ஏறாது. ஓர் அறையைத் தொடங்கினால் ஒரே நாளில் முடிக்க வேண்டும், நடுவில் விட்டால் ஒட்டு தெரியும். ஓரத்தில் கறுப்புக் கரை வேண்டுமென்றால் அது தனி வேலை. முடிந்ததும் பாத்தி கட்டி ஒரு வாரம் தண்ணீர் நிறுத்துவார்கள். கடைசியில் தேங்காய் எண்ணெய்.

இந்தத் தரை நடக்க நடக்கப் பளபளப்பு ஏறும். பெண்களுக்கும் குனிந்து மெழுகுகிற வேலை போய், ஈரத்துணியால் துடைத்தால் போதும் என்றானது. ஒரு தலைமுறைப் பெண்களின் முதுகைக் காப்பாற்றிய தரை இது என்று சொன்னால் மிகையில்லை. குறை என்றால் விரிசல். ஒரு தடவை விரிந்தால் அதே நிறத்தில் ஒட்டுப்போடுவது கஷ்டம்.

இதே காலத்தில் செட்டிநாட்டில் ஆத்தங்குடிக் கற்கள் பிரபலமாயின. கண்ணாடித் தட்டின் மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றிச் செய்கிற, சூளையே தேவைப்படாத கல் அது.

மொசைக் முதல் பாலிஷ் வரை

அடுத்து வந்தது மொசைக். சலவைக்கல் சில்லுகளைச் சிமெண்டில் பதித்து, காய்ந்ததும் மிஷின் வைத்துத் தேய்ப்பார்கள். வெள்ளையாகச் சேறு ஓடும். முரட்டுக் கல்லில் தொடங்கி நைசான கல் வரை மாற்றி மாற்றித் தேய்த்து, ஆக்சாலிக் ஆசிட் போட்டு, மெழுகு பூசி முடிப்பார்கள். இன்று பெருநகரங்களில் புது நாகரிகமாகப் பேசப்படும் பாலிஷ் கான்கிரீட்டும் கிட்டத்தட்ட இதே வேலைதான். தேய்க்கும் கல்லுக்குப் பதில் வைரத்தூள் பதித்த தட்டு. கூடவே சிலிக்கேட் கரைசல் ஒன்றைத் தெளிப்பார்கள். அது கான்கிரீட்டில் மிஞ்சியிருக்கும் சுண்ணாம்போடு சேர்ந்து நுண்துளைகளை இறுக்குகிறது.

நடுவில் 90களிலிருந்து டைல்ஸ் வந்து எல்லாவற்றையும் ஓரங்கட்டியது. குஜராத்தின் மோர்பியிலிருந்து லாரி லாரியாக வந்த டைல்ஸை இரண்டே நாளில் ஒட்டிவிடலாம். கரணையை நாள் முழுக்க இழுக்கத் தெரிந்த கொத்தனாருக்கு வேலை குறைந்தது. இன்று காவித் தரை போடச் சொன்னால் தெரிந்த ஆளைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

ஓதம் என்ற பழைய எதிரி

இப்போது முதல் கேள்விக்குத் திரும்ப வேண்டும். கான்கிரீட் பார்ப்பதற்குக் கல் மாதிரி இருந்தாலும் உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைய உண்டு. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல அவற்றில் ஈரம் ஏறும். மண் தரையில் அது ஆவியாகிப் போனது. காவித் தரையிலும் மொசைக்கிலும் கொஞ்சமாவது வழி இருந்தது. டைல்ஸ் போட்டால் இடுக்கு வழியாக வந்து வெள்ளை உப்பாகப் பூக்கும். எபாக்சி போன்ற கோட்டிங் அடித்து முழுக்க அடைத்துவிட்டால், ஈரம் அடியில் தங்கிக் கொப்புளம் கொப்புளமாகப் பூச்சையே தூக்கிவிடும்.

அதனால் ஆற்றோரம், வாய்க்கால் ஓரம் வீடு உள்ளவர்கள் கோட்டிங் அடிப்பதற்கு முன்னால் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் தாளைத் தரையில் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டிவிட்டு, 16 மணி நேரம் கழித்துப் பிரித்துப் பாருங்கள். அடியில் நீர் முத்துக்கள் இருந்தாலோ, தரை கறுத்திருந்தாலோ மேலே அடைக்கிற பூச்சு வேண்டாம். துளையை இறுக்கி ஆவியை மட்டும் விடுகிற சிலிக்கேட் முறை பரவாயில்லை. புது வீடு என்றால் வைத்தியத்தைக் கீழேயே செய்துவிட வேண்டும். ஜல்லியோ கிராவலோ போட்டு இடித்து, அதன் மேல் கெட்டி பாலிதீன் விரித்து, அப்புறம் கான்கிரீட். கரிசல் மண்ணானால் அதைத் தோண்டி எடுத்துவிட்டுக் கிராவல் நிரப்புவது முக்கியம். மண் தூக்கினால் எவ்வளவு விலை உயர்ந்த பாலிஷும் தாங்காது.

முடிவாக...

சாணித் தரை ஈரத்துக்கு வழி விட்டது, பெண்களை வேலை வாங்கியது. டைல்ஸும் கோட்டிங்கும் அந்த வேலையைக் குறைத்தன, ஈரத்தை மறந்தன. இரண்டையும் ஓரளவு சமாளித்தது காவித் தரையும் மொசைக்கும்தான். அதைப் போட்ட கைகள் இப்போது வயதாகி வீட்டில் உட்கார்ந்திருக்கின்றன. பழையபடி சாணி மெழுகச் சொல்லி யாரையும் கேட்கவில்லை. காவித் தரையைப் பெயர்த்துவிட்டு டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால், அந்தத் தரை அத்தனை வருடம் எப்படித் தாங்கியது என்று ஒரு வயதான கொத்தனாரைக் கேட்டுவிடுங்கள். அவருக்குத் தெரிந்தது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

உங்கள் வீட்டில் என்ன தரை? பாட்டி வீட்டில் என்ன தரை இருந்தது? யார் போட்டது, யார் மெழுகினார்கள்? தெரிந்தால் எழுதுங்கள் நண்பர்களே. அடுத்த பதிவில் சந்திப்போம்!