உரையாடற் கூடத்து ஏவலர்

அலுவலகத்தார் ஒருவர்க்கொருவர் செய்தி எழுதிக்கொள்ளும் கணினிக் கூடங்களிலே, மனிதரோடு மனிதராய் இருந்து மறுமொழி பகரும் நிரல்களுக்குப் 'பொட்' என்று பெயர். சொன்னதைச் சொன்னவண்ணம் செய்யும் இவ்வேவலர் நேற்று முளைத்தவர் அல்லர்.

1988ஆம் ஆண்டில், பின்லாந்து நாட்டின் ஔலு நகரிலே, யார்க்கோ ஒய்க்கரினென் என்பார் ஐ.ஆர்.சி. என்னும் உரையாடல் முறையை ஆக்கினார். அதிலே ஒரு விசித்திரம் உண்டு. கூடத்தை நடத்தும் அதிகாரம் பெற்றோர் அனைவரும் வெளியேறிவிட்டால், அதற்கு உரியவர் எவருமிலர். சமயம் பார்த்திருந்தவர் உட்புகுந்து கைப்பற்றிக்கொள்ளலாம். ஆளில்லா வீட்டுக்குக் காவல் வேண்டுமன்றோ? உறங்காத நிரலொன்றை உள்ளே இருத்தி, அதிகாரத்தை அதனிடம் ஒப்படைத்தனர். 1993இல் தோன்றிய 'எக்டிரொப்' இக்காவலருட் பெயர்பெற்றது.

காவலன் பின்னர் வேலைக்காரனும் ஆனான். 'கிட்ஹப்' நிறுவனத்தார் தம் கூடத்தில் 'ஹியுபொட்' என்னும் நிரலை வைத்து, புதிய மென்பொருளைச் சேவையில் ஏற்றும் பணியையும் அதனிடம் விட்டனர். கட்டளையும் அதன் பயனும் எல்லார் கண்ணெதிரே நிகழ்ந்தமையால், புதிதாய் வந்தோர் பார்த்தே தொழில் பயின்றனர். 2011இல் அதனை யாவரும் எடுத்தாளுமாறு வெளியிட்டனர்.

அவ்வாண்டிலே ஸ்டுவேட் பட்டர்பீல்ட் என்பாரின் குழு 'கிளிச்' என்ற கணினி விளையாட்டை வெளியிட்டது. 2012இல் அது மூடப்பட்டது. ஆயினும், தமக்குள் பேசுதற்கு ஐ.ஆர்.சி.யோடு பொருத்தி அமைத்த கருவிகளின் அனுபவம் எஞ்சிற்று. அதன் வழிவந்ததே 2014இல் பொதுவிற் திறக்கப்பட்ட 'ஸ்லாக்'. 2015 டிசெம்பரில், வெளியார் ஆக்கும் செயலிகளுக்கென ஒரு தொகுப்பையும் 8 கோடி டொலர் நிதியையும் அது அறிவித்தது.

இவ்விடத்தே பழைய செய்தியொன்று நினைக்கத்தக்கது. 1966இல் ஜோசப் வைசன்போம் என்னும் அறிஞர் 'எலிசா' என்ற உரையாடும் நிரலை வெளிப்படுத்தினார். அது ஆக்கப்பட்டதைப் பல மாதம் அருகிருந்து கண்ட அவருடைய செயலாளரே, அதனோடு சிறிது பேசியபின், அவரை அறையைவிட்டு வெளியேறுமாறு வேண்டினாராம்!

நம்பிப் பேசுவோர் பலர்; கேட்டதை நிரல் எங்கே கொண்டுசேர்க்கிறது என வினவுவோர் சிலர். ஆகவே ஸ்லாக்கிலும் கேட்பதற்கு வேறு, எழுதுவதற்கு வேறு எனப் பொட்டுகள் தனித்தனி அனுமதி பெறவேண்டியதாயிற்று. 2021இல் ஸ்லாக்கை வாங்கிய சேல்ஸ்போஸ் நிறுவனத்தின் கீழ், 2025இல் விதிகள் மேலும் இறுகின. வெளிநிறுவனங்கள் செய்திகளைத் திரளாக எடுத்து நெடுங்காலம் சேமித்தல் தடுக்கப்பட்டது. பாதுகாப்புக் கருதியே என்றது நிறுவனம். அலுவலகத்தார் தாம் எழுதிய சொற்களைத் தாம் விரும்பிய கருவியிற் பயன்படுத்த இயலாதாயிற்றே என்பது மறுசாராரின் முறைப்பாடு.