சென்னை அங்காடிகளும் தமிழ் நூலும்

நகரம் என்பதற்கு அரணும் அரண்மனையும் மட்டும் இலக்கணம் ஆகா. அங்காடியும் வேண்டும் என்பது தமிழ்ப் புலவர் கண்ட உண்மை. மதுரைக்காஞ்சி, பகலில் கூடும் நாளங்காடியையும் இரவில் கூடும் அல்லங்காடியையும் தனித்தனியே விரித்துரைக்கின்றது. சிலப்பதிகாரத்தில் மருவூர்ப்பாக்கத்திற்கும் பட்டினப்பாக்கத்திற்கும் இடையே புகாரின் நாளங்காடி அமைந்துள்ளது. வணிகர் வாழும் பகுதியும் அரசர் வாழும் பகுதியும் சந்திக்கும் இடம் அதுவே. அவ்வாறே பல்வேறு மக்களும் பல்வேறு மொழிகளும் சந்திக்கும் களமாகச் சென்னையின் கடைத்தெருக்கள் விளங்கி வந்துள்ளன. அவற்றின் வரலாற்றில் தமிழ் நூலின் வரலாறும் ஒரு பகுதி என்பது பலரும் நினைந்து பாராத செய்தியாகும்.

கோட்டைக்கு வடக்கே

1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் கடற்கரையில் இடம் பெற்றுக் கோட்டை எழுப்பியபோது, அதனை ஒட்டி நெசவாளரும் வணிகரும் குடியேறினர். கம்பெனியார் நாடி வந்த பொருள் துணியாதலின், ஊரின் பிறப்பே வணிகத்தில் தொடங்கிற்று எனலாம். 1746-இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைக் கைப்பற்றிய பின் நிகழ்ந்த இடிபாடுகளால் பழைய கறுப்பர் பட்டணம் அழிந்தது. அதற்கு வடக்கே புதியது வளர்ந்தது. பிற்காலத்தில் அது மன்னர் பெயரால் ஜார்ஜ் டவுன் ஆயிற்று.

இப்பகுதியில் தெருவுக்கொரு சரக்கு என்னும் மரபு இன்றளவும் பெரிதும் நிலைத்துள்ளது. துணிக்குக் கோடவுன் தெரு, காகிதத்திற்கும் மண அழைப்பிதழ்களுக்கும் ஆண்டர்சன் தெரு, கண்ணாடிக்கும் சாமி படங்களுக்கும் தேவராச முதலித் தெரு, சில்லறைச் சாமான்களின் மொத்த வணிகத்திற்குக் கோவிந்தப்ப நாயக்கன் தெரு என்று வாங்குவோர் வழி அறிந்தே வருவர். ‘கோடவுன்’ என்ற ஆங்கிலச் சொல்லே தென்னிந்தியக் ‘கிடங்கு’ மலாய் மொழி வழியாகச் சென்று திரும்பி வந்த வடிவம் எனக் கருதுவோர் உண்டு. சரக்கைப் போலவே சொல்லும் கப்பலேறிப் போய் வந்திருக்கின்றது. ‘கொத்தவால் சாவடி’ என்ற பெயரிலோ, நகரக் காவலதிகாரியைக் குறிக்கும் பாரசீக மரபுச் சொல் ஒன்று தமிழ்க் காய்கறிச் சந்தையின் முகப்பில் வந்து அமர்ந்திருக்கின்றது.

குஜிலிக் கடைகள்

இத்தெருக்களின் அருகே மாலை நேரத்தில் கூடிய குஜிலி பஜார், ஈவினிங் பஜார் என்ற பெயருக்கு ஏற்ப, சென்னையின் அல்லங்காடி எனத்தகும். தமிழ் இலக்கிய வரலாற்றில் அதற்குத் தனி இடம் உண்டு. 1835-இல் அச்சகம் நடத்துவதற்கு இருந்த தடைகள் நீங்கிய பின், இந்நாட்டவர் பலர் அச்சுத் தொழிலில் இறங்கினர். அவ்வச்சகங்களிலிருந்து புராணமும் இலக்கணமும் மட்டும் வெளிவரவில்லை. காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்கும் சிறு பாட்டுப் புத்தகங்களும் வெளிவந்தன. கொலை, வெள்ளம், தீ விபத்து, ரயில் கவிழ்ந்த செய்தி, கள்ளின் கேடு, தேச விடுதலை என எது மக்கள் வாயில் வழங்கிற்றோ அது உடனே சிந்தாகவும் கும்மியாகவும் அச்சேறியது. மட்டக் காகிதம், தேய்ந்த எழுத்து, பிழை மலிந்த பதிப்பு. ஆயினும் எழுத்தறிந்த ஒருவர் பாட, அறியாத பலர் கேட்டனர். நாளிதழ் எட்டாத இடங்களிலும் இப்பாட்டு எட்டியது.

கற்றோர் இவற்றைக் ‘குஜிலிப் பதிப்பு’ என்று இகழ்ந்தனர். அங்காடியின் பெயரே இழிவுக்குறியாயிற்று. அதன் விளைவு பெரிது: நூலகங்கள் இவற்றைச் சேர்க்கவில்லை, புலவர் எவரும் பேணவில்லை, வாங்கியவர் படித்துவிட்டு எறிந்தனர். பாடியவருள் பலருடைய வாழ்க்கை பற்றி ஒரு குறிப்பும் எஞ்சவில்லை. எஞ்சியவற்றைத் தேடி ஆராய்ந்து ஆ. இரா. வேங்கடாசலபதி ‘முச்சந்தி இலக்கியம்’ என்ற நூலை 2004-இல் வெளியிட்ட பின்னரே இப்பாட்டுகளுக்கு ஆய்வுலகில் உரிய கவனம் கிட்டியது.

மூர் மார்க்கெட்

எறியப்பட்டவை சில ஏனும் பிழைத்தமைக்கு மற்றோர் அங்காடி காரணமாயிற்று. பிராட்வேயில் இருந்த பழைய சந்தை சுகாதாரக் கேடு மிக்கதாகக் கருதப்பட்டமையால், மாநகராட்சித் தலைவராக இருந்த சர் ஜார்ஜ் மூர் 1898-இல் புதிய அங்காடிக்கு அடிக்கல் நாட்டினார். 1900-இல் அது திறக்கப்பட்டது. சென்ட்ரல் ரயில் நிலையத்தின் அருகே, நடுமுற்றத்தைச் சூழ்ந்த செந்நிறக் கட்டடமாக, இந்தோ-சாரசெனிக் பாணியில் அது எழுந்தது. அங்கே மரச்சாமான், இசைத்தட்டு, பொம்மை, வளர்ப்புப் பறவை என எல்லாம் கிடைத்தன. ஆயினும் எழுத்தாளரையும் மாணவரையும் இழுத்தவை பழைய புத்தகக் கடைகளே.

இறந்த அறிஞரின் வீட்டு நூல்களும் கலைந்த நூலகங்களின் எச்சங்களும் அங்கு வந்து சேர்ந்தன. புதிய நூல் வாங்க வசதியற்ற இளைஞர் உலக இலக்கியத்தை அங்கே கண்டெடுத்தனர். நூற்பட்டியல் இல்லாத நூலகம் அது; தேடியது கிடைக்காமல் தேடாதது கிடைப்பதே அதன் இயல்பு. விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்த கோட்டையூர் ரோஜா முத்தையா இத்தகைய பழைய புத்தகக் கடைகளில் தேடித் தேடிச் சேர்க்கத் தொடங்கியவர். பிறர் வேண்டாமென ஒதுக்கிய துண்டு வெளியீடுகளையும் நாடக அறிவிப்புகளையும் அவர் ஒதுக்கவில்லை. 1992-இல் அவர் மறைந்த பின் அத்தொகுப்பு சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் காக்கப்பட்டு, சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக நிலைபெற்றது.

1985 மே 30 அன்று மூர் மார்க்கெட் தீக்கிரையாயிற்று. வணிகருக்கு அருகே அல்லிக்குளம் வளாகத்தில் மாற்றிடம் தரப்பட்டது. பழைய இடத்தில் புறநகர் ரயில் முனையம் எழுந்தது. ‘மூர் மார்க்கெட் வளாகம்’ என்னும் பெயர் மட்டும் அதற்கு ஒட்டிக்கொண்டது.

பெயர்ச்சியும் இழப்பும்

அங்காடி இடம் பெயர்வது சென்னைக்குப் புதிதன்று. பர்மாவில் 1962-இல் ஏற்பட்ட ஆட்சி மாற்றத்தாலும், அதனைத் தொடர்ந்த நாட்டுடைமைச் சட்டங்களாலும் உடைமை இழந்து திரும்பிய தமிழருக்கு 1969-இல் கடற்கரைச் சாலையில் கடைகள் ஒதுக்கப்பட்டன; பர்மா பஜார் பிறந்தது. நெரிசல் தாங்காத கொத்தவால் சாவடியின் மொத்த வணிகம் 1996-இல் கோயம்பேட்டிற்குச் சென்றது. 2020-இல் கொரோனாத் தொற்றின்போது கோயம்பேட்டுக் காய்கறிச் சந்தையும் சில திங்கள் திருமழிசைக்குப் பெயர்ந்து மீண்டது. தியாகராய நகரின் பாண்டி பஜாரில் நடைபாதை வணிகர் 2013-இல் கட்டடத்திற்குள் மாற்றப்பட்டனர். 2019-இல் அத்தெரு நடப்போர்க்குரிய அகன்ற வளாகமாகத் திறக்கப்பட்டது.

இம்மாற்றங்களில் பல தேவையானவை என்பதை மறுத்தல் இயலாது. சேறும் நெரிசலும் சூழ்ந்த சாவடியில் மூட்டை சுமந்தவரின் துன்பத்தைப் பழைமைப் பற்றால் மறைத்தல் தகாது. எனினும் காய்கறிச் சந்தைக்கும் பழைய புத்தகச் சந்தைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. காய்கறி நாள்தோறும் புதிதாய் வருவது. சந்தை எங்குச் சென்றாலும் சரக்கு பின்தொடரும். மறுபதிப்புக் காணாத நூலின் கடைசிப் படி எரிந்தால், அதனை எந்த வளாகமும் திருப்பித் தர இயலாது. 1985-இல் எரிந்த கடைகளில் என்னென்ன நூல்கள் இருந்தன என்பதற்குப் பட்டியலும் இல்லை. இழந்தது இன்னதென்று அறிய இயலாமையே அவ்விழப்பின் கொடுமை.

1977-இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சி இன்று ஆண்டுதோறும் பெருங்கூட்டத்தை ஈர்க்கின்றது. புதிய நூலுக்கு அது சிறந்த அங்காடி. பழைய நூலுக்கோ நடைபாதையும் ஒருசில கடைகளுமே புகலிடம். இந்நிலையில் இலக்கிய அமைப்புகளுக்கு ஒரு கடமை எஞ்சுகின்றது. சில நூறு படிகளே அச்சாகும் கவிதைத் தொகுதி, சிற்றிதழ், கவியரங்க அழைப்பிதழ், ஆண்டு மலர் ஆகியவை இக்காலத்துக் குஜிலிப் பதிப்புகள். அவற்றில் ஆண்டும் அச்சகமும் பிழையின்றிக் குறித்து, கன்னிமாரா நூலகத்திற்கும் ரோஜா முத்தையா நூலகத்திற்கும் ஒவ்வொரு படி அனுப்புதல் பெருஞ்செலவு பிடிக்கும் பணியன்று. அன்று குஜிலிக் கடையில் பாடி விற்ற பெயரறியாக் கவிஞர்க்கு இவ்வாய்ப்பு இருந்ததில்லை. இன்றுள்ளோர்க்கு இருக்கின்றது, அதனை நழுவ விடலாகாது.