சிவப்புக் கொடியும் என் கியர் சைக்கிளும்

நாசிக் வந்து பதினோரு வருஷம் ஆகிறது. வந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமை என்றால் தோசை, சன் டிவி, மத்தியானத் தூக்கம். இப்போது காலை ஐந்தரைக்கே சைக்கிள். இதற்குப் பாதிக் காரணம் என் தொப்பை. மீதிக் காரணம் இந்த ஊர்க்காரர்களான மகாஜன் சகோதரர்கள். டாக்டர்களான இருவரும் 2015-ல் அமெரிக்காவைக் குறுக்காகக் கடக்கும் 'ரேஸ் அக்ராஸ் அமெரிக்கா' பந்தயத்தை ஜோடியாக ஓட்டி முடித்தார்கள். அதற்கப்புறம் நாசிக்கில் சைக்கிள் பைத்தியம் பிடிக்காத தெருவே இல்லை. தங்கமணி, "உங்களுக்கு மட்டும் லேட்டா பிடிச்சிருக்கு" என்பாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் மழை விட்ட சமயம், பையனையும் கூட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே ஒரு மண்பாதையில் போனேன். மாட்டுவண்டித் தடம், இரண்டு பக்கமும் புல், தூரத்தில் மலை. தேனி பக்கம் போன மாதிரியே இருந்தது. வழியில் ஒரு பலகை. மராத்தியில் ஏதோ எழுதியிருந்தது, பாதி எழுத்து உதிர்ந்திருந்தது. எனக்கு மராத்தியில் காய்கறி வாங்கத் தெரியும், பலகை படிக்க நேரமாகும். தாண்டிப் போய்விட்டேன். கொஞ்ச தூரத்தில் பையன் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஓடை ஓரம் குனிந்தான். துருப்பிடித்த குழாய் மாதிரி ஒன்று, பின்னால் மீன் வால் போலச் சின்னச் சின்ன தகடுகள்.

"ஹாத் லாவு நகா!" என்று ஒரு சத்தம். கை வைக்காதே என்று அர்த்தம். ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர், கம்பை ஆட்டிக்கொண்டே வந்தார். எங்களை வந்த வழியிலேயே திரும்பச் சொன்னார். கிட்டே வந்ததும் அவர் கேட்டது ஒரே கேள்வி: "லால் ஜெண்டா பார்க்கலையா சாஹேப்?"

பார்க்கவில்லை. அன்றைக்குக் கொடி ஏறவில்லை என்று பிறகு அவரே சொன்னார். ஆனால் ஏறியிருந்தாலும் அது எதற்கென்று எனக்குத் தெரிந்திருக்காது. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சரியாகத் தூக்கமில்லை. மூன்றாம் நாள் இந்தச் சிவப்புக் கொடியின் கதையைத் தேட ஆரம்பித்தேன். கிடைத்ததை இங்கே எழுதுகிறேன்.

நாசிக்கை ஒட்டியிருக்கும் தேவளாலி பழைய ராணுவ ஊர். 1861-ல் வெள்ளைக்காரன் இங்கே முகாம் போட்டான். சேவை முடிந்து ஊர் திரும்பும் சிப்பாய்கள் பம்பாயில் கப்பல் கிடைக்கும்வரை இங்கேதான் காத்துக் கிடந்தார்கள். கப்பல் போகாத மாதங்களில் சிக்கினால் அதோகதி. வெயில், காய்ச்சல், செய்ய ஒரு வேலையும் இல்லை. மண்டை குழம்பியவர்களை 'டூலாலி' என்று கூப்பிட ஆரம்பித்து, அது ஆங்கில அகராதியிலேயே ஏறிவிட்டது. வேலைக்காக வந்த ஊரில் டிக்கெட் கிடைக்காமல் பைத்தியம் பிடிப்பது என்னவென்று தீபாவளிக்கு முன்னால் தட்கல் போட்டவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை :-)

பிற்காலத்தில் தேவளாலி பீரங்கிப் படையின் ஊரானது. பீரங்கிப் பள்ளி இங்கேதான் இருக்கிறது. 2018 நவம்பர் 9-ந் தேதி கே9 வஜ்ரா, எம்777 என்ற இரண்டு புது பீரங்கிகளை இங்கேதான் படையில் சேர்த்தார்கள். சேர்த்து வைத்தவர் அப்போது பாதுகாப்பு அமைச்சராக இருந்த, மதுரையில் பிறந்த நிர்மலா சீதாராமன். வஜ்ரா 30 கிலோமீட்டரைத் தாண்டிச் சுடக்கூடியது. நான் ஒரு மணி நேரம் மூச்சு வாங்க மிதித்தாலும் அவ்வளவு தூரம் போகமாட்டேன்.

இப்படிப்பட்ட ஆயுதத்தை எங்கே சுட்டுப் பழகுவது? அதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. 1938-ல் வந்தது, படைப் பயிற்சிகளையும் பீரங்கிப் பயிற்சியையும் பற்றியது. சாராம்சம் இதுதான்: அரசு ஒரு பரப்பை இத்தனை வருஷத்துக்கு என்று அறிவிக்கும். அதற்குள் வயல் இருக்கலாம், ஊர் இருக்கலாம், பாதை இருக்கலாம். நிலம் அவரவர் பெயரிலேயே இருக்கும். பயிற்சி நடக்கும் நாட்களில் மட்டும் அதில் ஒரு பகுதி 'ஆபத்து மண்டலம்'. கலெக்டர் அங்கே ஆட்களையும் ஆடுமாடுகளையும் நுழையவிடாமல் தடுப்பார், உள்ளே இருப்பவர்களை வெளியேற்றுவார். பயிர் கெட்டாலோ பிழைப்பு கெட்டாலோ நஷ்டஈடு உண்டு. தடையை மீறி உள்ளே போனாலோ கொடியைப் பிடுங்கினாலோ, சட்டம் எழுதியபோது போட்ட அபராதம் அதிகபட்சம் பத்து ரூபாய். இன்றைக்கு அந்தக் காசுக்கு ஒரு ப்ளேட் மிசல்கூட வராது.

நமக்குச் சம்பந்தப்பட்டது இதில்தான் இருக்கிறது. இந்த ஏற்பாடு முழுக்க உள்ளூர்க்காரனை நினைத்துச் செய்தது. அறிவிப்பு அந்த வட்டார மொழியில் போகும். ஊருக்குள் தண்டோரா, மராத்தியில் தவண்டி என்பார்கள். அந்த ஆடு மேய்க்கிற பெரியவருக்கு எந்த வாரம் எந்தப் பக்கம் சுடுவார்கள் என்பது எங்கள் ஊரில் எந்த நாளில் ஆற்றில் தண்ணீர் வரும் என்று தெரிகிற மாதிரி அத்துப்படி. நாற்பதாயிரம் ரூபாய் சைக்கிளில், காதில் இளையராஜாவோடு வருகிற என்னை மாதிரி ஆள் 1938-ல் யார் கணக்கிலும் இல்லை. அபார்ட்மெண்ட் வாட்ஸப் குழுவில் தண்ணி லாரி எப்போது வரும் என்று வருகிறது, தவண்டி வருவதில்லை.

சட்டத்தை எழுதிய வெள்ளைக்காரன் சொந்த ஊரில் என்ன செய்தான் என்றும் பார்த்தேன். தெற்கு இங்கிலாந்தில் சாலிஸ்பரி சமவெளியில் இம்பர் என்று ஒரு கிராமம். 1943 நவம்பரில் 47 நாள் அவகாசம் கொடுத்து ஊரையே காலி செய்தார்கள். போனவர்கள் திரும்பிக் குடியேறவே இல்லை. இன்று அந்தச் சுடுதளத்தைச் சுற்றி ஏறக்குறைய 48 கிலோமீட்டருக்குப் பொதுப்பாதை இருக்கிறது. ஊர் வழியாகப் போகும் சாலையை வருஷத்தில் சில நாள் மட்டும் திறக்கிறார்கள். சைக்கிள்காரனுக்கு வசதிதான், ஊர்க்காரனுக்குத்தான் ஊர் இல்லை.

நம் நாட்டில் சிலர் போகமாட்டேன் என்று உட்கார்ந்தார்கள். ஜார்க்கண்டில் நேத்தர்ஹாட் மலைப்பக்கம் 245 கிராமங்களைச் சேர்த்து, ஏறக்குறைய 1471 சதுர கிலோமீட்டரை இதே சட்டத்தின் கீழ் அறிவித்திருந்தார்கள். 1994 மார்ச்சில் பயிற்சிக்கு வந்த படையை ஆதிவாசி மக்கள் துதுவாபானி என்ற இடத்தில் சாலையில் உட்கார்ந்து திருப்பி அனுப்பினார்கள். வருஷா வருஷம் மார்ச் 22, 23-ல் அங்கே கூடினார்கள். 2022-ல்தான் மாநில அரசு, அறிவிப்பை இனி நீட்டிக்கப் போவதில்லை என்று முடிவெடுத்தது. இருபத்தெட்டு வருஷம்!

காஷ்மீரில் தோசா மைதான். பேர்தான் நமக்குச் சிரிப்பு. அருமையான மேய்ச்சல் புல்வெளி. 1964-லிருந்து 50 வருஷம் குத்தகைக்குச் சுடுதளமாக இருந்து 2014-ல் முடிந்தது. அப்புறம் ராணுவமே வெடிக்காத குண்டுகளைத் தேடித் தேடி அழித்தது. 2016-ல் சுற்றுலாவுக்குத் திறந்தார்கள். அந்த ஐம்பது வருஷத்தில் செத்தவர்களிலும் ஊனமானவர்களிலும், கிடந்த குண்டை எடுத்து விளையாடிய பிள்ளைகளும் உண்டு. இதைப் படித்தபோது பக்கத்து அறையில் பையன் ஹோம்வொர்க் செய்துகொண்டிருந்தான். எழுந்து போய்ச் சும்மா எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன்.

சுடாத நாளில் போனால் என்ன ஆபத்து என்று நானும்தான் நினைத்திருந்தேன். குண்டு பீரங்கியை விட்டுக் கிளம்பும் வேகத்திலும் சுழற்சியிலும்தான் அதன் ஃபியூஸ் தயாராகிறது. தரையில் மோதினால் வெடிக்க வேண்டும். சேற்றில் மெத்தென்று விழுந்தாலோ, சாய்வாக உரசினாலோ சில குண்டுகள் வெடிக்காது. அது பெட்டியில் இருக்கும் குண்டைவிட மோசம், ஏனென்றால் பாதி வேலை முடிந்து மீதிக்குக் காத்திருக்கிறது. மழையில் மண் அரித்தால் வெளியே வரும், ஓடையில் உருண்டு பாதை ஓரத்துக்கும் வரும். பழைய இரும்பு என்று காயலான் கடைக்கு எடுத்துப் போகப் பார்த்து உயிரை விட்டவர்கள் சுடுதளங்களை ஒட்டிய ஊர்களில் உண்டு.

இதெல்லாம் வடக்கே நடக்கிற சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். 2021 டிசம்பர் 30, புதுக்கோட்டை நார்த்தாமலை. பயிற்சியில் சுட்ட துப்பாக்கித் தோட்டா வந்து 11 வயதுப் பையன் தலையில் பாய்ந்தது. ஜனவரி 3-ந் தேதி இறந்துபோனான். அவன் சுடுதளத்துக்குள் போகவில்லை, வீட்டில் இருந்தான். என் பையனுக்கும் அப்போது கிட்டத்தட்ட அந்த வயசு.

சைக்கிளை விற்றுவிடலாமா என்றுகூட யோசித்தேன். விற்கவில்லை, ஓட்டுகிற விதத்தை மாற்றிக்கொண்டேன். கன்டோன்மெண்ட் பக்கம் போவதென்றால் தெரிந்த தார்ச்சாலைதான். புது மண்பாதை என்றால் முதல் நாளே அந்தக் கிராமத்தில் டீக்கடையிலோ பால்காரரிடமோ கேட்டுவிடுவேன். பகலில் சிவப்புக் கொடி, இருட்டில் சிவப்பு விளக்கு, எது தெரிந்தாலும் திரும்பிவிடுவது. கொடி இல்லாவிட்டாலும் தடத்தை விட்டு இறங்குவதில்லை, ஒன்றுக்குப் போவதற்குக்கூட. காதில் பாட்டு கிடையாது. இரும்பு எதையாவது பார்த்தால் தொடாமல், கல்லெறியாமல், வந்த தடத்திலேயே பின்னால் போய், இடத்தை அடையாளம் வைத்துக்கொண்டு போலீசுக்குச் சொல்ல வேண்டும். பையனுக்கு இதை மனப்பாடமாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கூடவே மராத்தி எழுத்தும் படிக்கிறேன். ஹிந்தி எழுத்தேதான் என்பதால் அவன் எனக்கு வாத்தியார். 'தோகா' என்றால் ஆபத்து, ஏமாற்று இல்லை என்று அவன்தான் சொன்னான்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் போனபோது பெரியவர் அதே வேப்பமரத்தடியில் இருந்தார். நான் வாயைத் திறக்கும் முன் பையனே, "காகா, ஆஜ் ஜெண்டா?" என்றான். அவர் கம்பைத் தூக்கி மலைப்பக்கம் காட்டினார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் பச்சைக்கு நடுவில் துளியூண்டு சிவப்பு. அப்படியே சைக்கிளைத் திருப்பினோம். அன்றைக்கு மொத்தமே 22 கிலோமீட்டர்தான் ஆனது. மிசல் கடையில் என் பாவையும் சேர்த்து அவனே சாப்பிட்டான்.