மறுவாழ்வு இல்லம் மதமான வரலாறு

அபினிக்கும் ஹெராயினுக்கும் அடிமையான ஒருவனைத் திருத்துவது இயலாத காரியம் என்பதே இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் அமெரிக்க மருத்துவர் பலர் கொண்டிருந்த எண்ணம். அத்தகையவரைச் சிறைக்கு அனுப்புவர். இன்றேல் கெண்டக்கி மாநிலத்து லெக்சிங்டன் நகரிலிருந்த அரசாங்க மருத்துவமனைக்கு அனுப்புவர். அங்கிருந்து வெளிவந்தோருள் மிகப் பலர் விரைவிலேயே மீண்டும் ஊசியைத் தேடிச் சென்றனர். மருத்துவப் பட்டமோ மதப் பட்டமோ எதுவுமில்லாத ஒரு மனிதர், இவர்களுக்கும் ஒரு வழி உண்டு என்று கூறி அதனைச் செய்தும் காட்டினார். அவர் பெயர் சார்ல்ஸ் டெடரிக். அவர் நிறுவிய இல்லத்தின் பெயர் சினனான்.

டெடரிக் 1913-ஆம் ஆண்டில் ஒஹாயோ மாநிலத்தில் டொலீடோ நகரில் பிறந்தவர். பெருங்குடியர். குடியை விட முனைவோர் கூடி ஒருவரையொருவர் தாங்கும் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்னும் சங்கத்தில் சேர்ந்து குடியை நிறுத்தினார். பேச்சில் வல்லவர், உருவத்திலும் குரலிலும் பெரியவர். குடியர்களோடு ஹெராயின் அடிமைகளும் அவரைத் தேடி வரத் தொடங்கினர். சங்கத்தார் இதனை விரும்பவில்லை. எனவே 1958-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் கடற்கரைப் பகுதியான ஓஷன் பார்க்கில் டெடரிக் தனியே ஓர் இல்லத்தைத் தொடங்கினார். கையிலிருந்த முதல், வேலையற்றோர்க்கு அரசாங்கம் தரும் உதவிப் பணம் 33 டாலர் என்பர்.

இல்லத்தின் உயிர்நாடி 'விளையாட்டு' எனப்பட்ட ஒரு வழக்கம். பெயரைக் கேட்டு மயங்கலாகாது. மாலையில் பத்துப் பதினைந்து பேர் வட்டமாக அமர்வர். ஒருவரை நடுவே வைத்துக்கொண்டு, அவர் சொன்ன பொய், செய்த சோம்பல், காட்டிய பாசாங்கு யாவற்றையும் மற்றவர் கூச்சலிட்டுக் கிழித்தெறிவர். வசை பாடலாம், கேலி செய்யலாம், மிகைப்படுத்தலாம். தடைகள் இரண்டே: போதைப் பொருளைத் தொடக் கூடாது, கை ஓங்கவோ அடிப்பேன் என மிரட்டவோ கூடாது. விளையாட்டு முடிந்ததும் அவரவர் எழுந்து பாத்திரம் கழுவவும் தரை பெருக்கவும் போய்விடுவர். வட்டத்திற்குள் மேலோர், கீழோர் என்பது இல்லை.

இது பயன் தந்தது என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும். போதைக்கு அடிமையானவன் மருத்துவரை எளிதில் ஏய்ப்பான். தன்னைப்போல் பத்தாண்டு பொய் சொல்லிப் பிழைத்த இன்னொருவனை ஏய்க்க மாட்டான். தலைமையாசிரியரிடம் பசப்பும் மாணவன் பக்கத்துப் பலகைப் பையனிடம் பசப்ப முடியாததை எந்த ஆசிரியரும் அறிவார். கித்தார் மேதை ஜோ பாஸ் இவ்வில்லத்தில்தான் மீண்டார். 1962-ஆம் ஆண்டில் அங்கிருந்தோருடன் சேர்ந்து இசைத்தட்டும் வெளியிட்டார். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே கூரையின் கீழ் உண்டு உறங்கினர். அக்கால அமெரிக்காவில் இது சிறு செயலன்று. டெடரிக்கின் மனைவி பெட்டியே போதையிலிருந்து மீண்ட ஒரு கறுப்பின மாது. சான்டா மோனிக்கா நகரத்தார் சிலர் இவர்களை விரட்ட முயன்றனர், வழக்குத் தொடுத்தனர், டெடரிக் சில நாள் சிறையும் இருந்தார். அதனால் அவர் புகழ் வளர்ந்ததேயன்றிக் குறையவில்லை. அமெரிக்க மேலவை உறுப்பினர் தாமஸ் டாட் இல்லத்தைப் பாராட்டினார். 1965-ஆம் ஆண்டில் கொலம்பியா நிறுவனம் இதனைத் திரைப்படமாகவும் எடுத்தது. நன்கொடைகள் குவிந்தன. 1967-ஆம் ஆண்டில் கடற்கரையிலிருந்த பெரிய உல்லாச மாளிகை ஒன்று இல்லத்திற்குச் சொந்தமாயிற்று.

பின்னாளில் நடந்தவற்றிற்கெல்லாம் வித்து 1968-ஆம் ஆண்டில் விழுந்தது என்று கருத இடமுண்டு. அதுவரை சினனான் ஒருவகைப் பள்ளி. இரண்டு மூன்று ஆண்டுகள் தங்கி, பழக்கத்தை விட்டு, தொழில் பயின்று, வெளியுலகிற்குத் திரும்புவது நோக்கம். வெளியே சென்றோருள் பலர் மீண்டும் போதையில் விழுந்தனர் என்பதைக் காரணம் காட்டி, இனி எவரும் வெளியேற வேண்டியதில்லை, இல்லமே வாழ்நாள் வீடு என்று டெடரிக் முடிவு செய்தார். மாணவர் தேர்ச்சி பெற்றுப் போவதையே நிறுத்திவிட்ட பள்ளியை எண்ணிப் பாருங்கள்! அங்கே ஆசிரியர் கற்பித்தது சரியா தவறா என்று சோதிக்க வழியே இல்லை.

வெளியே போனால் மரணம் என்னும் அச்சம் உள்ளிருப்போர்க்கு ஊட்டப்பட்டது. போதைப் பழக்கமே இல்லாத படித்தவர், வசதியுள்ளோர் பலரும் புதிய சமுதாயம் படைக்கும் ஆவலில் குடும்பத்தோடு வந்து சேர்ந்தனர். சொத்தையும் வருவாயையும் கொடுத்தனர். மேரின் மாவட்டத்து டொமாலஸ் விரிகுடாப் பக்கத்திலும் மலைப்பாங்கான பேட்ஜர் என்னுமிடத்திலும் நிலங்கள் வாங்கப்பட்டன. நிறுவனங்களுக்கு விளம்பரப் பரிசுப் பொருள்கள் விற்கும் வாணிகம் பெருஞ் செல்வம் கொணர்ந்தது. பிள்ளைகள் பெற்றோரைப் பிரிந்து பொதுவில் வளர்க்கப்பட்டனர். தலைவரின் பேச்சு ஒலிபெருக்கி வழியாகக் கட்டடந்தோறும் கேட்டது.

விளையாட்டின் தன்மையும் இதனால் மாறிற்று. விருப்பம்போல் எழுந்து போகக்கூடியவன் வட்டத்தில் அமர்ந்து வசை கேட்பது ஒன்று. வீடும் பிழைப்பும் மனைவி மக்களும் அவ்வட்டத்தைச் சார்ந்திருக்கும்போது அமர்ந்து கேட்பது முற்றிலும் வேறு. முன்பு பொய்யை வெளிப்படுத்திய அதே கருவி, இப்போது தலைவரின் புதிய கட்டளைக்கு முகஞ்சுளித்தவரை வெளிப்படுத்தப் பயன்பட்டது. ஒவ்வொருவரின் இரகசியமும் மற்றவர் அறிந்தது. வட்டத்தில் மேலோர் இல்லை என்னும் பழைய விதி ஏட்டில் நின்றது; டெடரிக்கை எதிர்த்துப் பேசத் துணிந்தவர் அரிதாயினர்.

கட்டளைகள் சிறியனவாகவே தொடங்கின. 1970-ஆம் ஆண்டில் புகைபிடித்தல் தடை செய்யப்பட்டது. நல்ல காரியந்தானே! ஆயினும் அதனைப் பொறுக்காது பலர் வெளியேறினர். எஞ்சியோர் மேலும் பணிந்தவராயினர். ஒவ்வொரு கட்டளையும் இவ்வாறு ஒரு சல்லடையாக அமைந்தது. 1973-ஆம் ஆண்டில் விளையாட்டின்போது டெடரிக்கே ஒரு பெண்ணின் தலையில் பானத்தைக் கொட்டினார். கை நீட்டலாகாது என்ற விதியை விதித்தவரே மீறினார், தடுத்தவர் இல்லை. பின்னர், நீதிமன்றங்கள் திருந்தும்பொருட்டு அனுப்பிய முரட்டுச் சிறுவர்களை அடிப்பதும் முறையாயிற்று. தப்பியோடிய சிறுவர்க்கு அண்டை அயலிலிருந்த பண்ணைக்காரர் சிலர் அடைக்கலம் தந்தனர்.

1970-களின் நடுவில் சினனான் தன்னை ஒரு மதமென்று அறிவித்துக்கொண்டது. மதங்களுக்கு அந்நாட்டில் வரிவிலக்கு உண்டு. அரசாங்க மேற்பார்வையும் குறைவு. ஆண்களோடு பெண்களும் தலையை மழித்துக்கொண்டனர். 1977-ஆம் ஆண்டில் வந்த கட்டளைகளே மிகக் கொடியவை. ஐந்தாண்டுக்கு மேல் இருந்த ஆண்கள் கருத்தடை அறுவை செய்துகொள்ள வேண்டும். கருவுற்ற பெண்கள் கருவைக் கலைக்க வேண்டும். டெடரிக் மட்டும் அந்த அறுவைக்கு உட்படவில்லை. அவ்வாண்டில் பெட்டி இறந்தார். டெடரிக் வேறொரு பெண்ணை மணந்தார். பிறகு, மணமானோர் யாவரும் பிரிந்து புதிய துணையைத் தேடிக்கொள்ள வேண்டுமென்றார். பல்லாண்டு வாழ்ந்த தம்பதியர் பலர் அவ்வாறே பிரிந்தனர். இவர்கள் யாவரும் அறிவிலிகள் என்று எண்ணுவது தவறு. வழக்கறிஞரும் கல்லூரியிற் கற்றோரும் அவர்களிடையே இருந்தனர். ஒன்பது ஆண்டுகளாகப் படிப்படியாகப் பழகிய பணிவு அது.

வெளியுலகம் ஏன் வாளாவிருந்தது? ஒரு காரணம் பழைய புகழ். மற்றொன்று வழக்குப் பயம். சினனானைக் குறைகூறி எழுதிய சான்பிரான்சிஸ்கோ நாளிதழ் ஒன்று 1976-ஆம் ஆண்டில் பெருந்தொகை கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொள்ள நேர்ந்தது. பெரிய ஏடுகள் தயங்கின. 'பாயின்ட் ரேய்ஸ் லைட்' என்னும் சிற்றூர் வார இதழ் தயங்கவில்லை. அதனை நடத்திய மிட்ச்செல் தம்பதியர், சமூகவியல் பேராசிரியர் ரிச்சர்ட் ஓஃப்ஷே துணையோடு உண்மைகளை ஒவ்வொன்றாக அச்சிட்டனர். 1979-ஆம் ஆண்டில் பொதுத் தொண்டுக்கான புலிட்சர் பரிசு அவ்விதழுக்குக் கிடைத்தது.

அதற்கு முன்பே நாடெங்கும் அதிரும்படி ஒன்று நடந்துவிட்டது. சினனானில் விருப்பமின்றி அடைக்கப்பட்டிருந்த ஒரு பெண்ணுக்காக வாதாடி மூன்று இலட்சம் டாலர் தீர்ப்புப் பெற்றவர் பால் மோரான்ட்ஸ் என்னும் வழக்கறிஞர். 1978 அக்டோபர் 10-ஆம் நாள் அவர் வீடு திரும்பித் தம் அஞ்சற் பெட்டிக்குள் கையை விட்டார். உள்ளே நச்சுப் பாம்பு. கிலுகிலுப்பை ஒலி எழுப்பி எச்சரிக்கும் இனம் அது. ஒலிக்கும் வால்நுனி முன்னரே அகற்றப்பட்டிருந்தது. கடியுண்ட மோரான்ட்ஸ் மருத்துவத்தால் பிழைத்தார். சினனானைச் சேர்ந்த இளைஞர் இருவர் கைதாயினர். காவலர் சோதனையில் கிடைத்த ஒலிநாடாவில், எதிர்த்து நிற்கும் வழக்கறிஞர்களை அடித்து நொறுக்க வேண்டுமெனப் பேசிய குரல் டெடரிக்கினுடையது. அடுத்த மாதமே கயானாவின் ஜோன்ஸ்டவுனில் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்ட செய்தி வந்தது. அதன்பின் எவரும் இத்தகையவற்றை இலேசாக எண்ணவில்லை.

1978 டிசம்பரில் அரிசோனா மாநிலத்தில் டெடரிக்கைக் கைது செய்யச் சென்றபோது அவர் குடிபோதையில் இருந்தார். 1980-ஆம் ஆண்டில், கொலைச் சதிக் குற்றச்சாட்டை எதிர்த்து வாதாடவில்லை என்று நீதிமன்றத்தில் கூறினார். உடல்நலக் குறைவு கருதிச் சிறையின்றி, ஐந்தாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், அபராதமும், சினனானை நடத்தலாகாதென்ற தடையும் விதிக்கப்பட்டன. ஒலிநாடாக்களை அழித்த செயல் வழக்குகளில் வெளிப்பட்டதால் வரிவிலக்கும் பறிபோயிற்று. 1991-ஆம் ஆண்டில் இயக்கம் கலைந்தது. டெடரிக் 1997-இல் காலமானார்.

அவர் தொடங்கிய முறை கலையவில்லை. சினனானைப் பார்த்து 1963-இல் நியூயார்க்கில் எழுந்த 'டேடாப்' இல்லமும் பிறவும், வெளியேறும் நாளை முன்கூட்டியே குறித்து, மருத்துவரையும் உள்ளே சேர்த்துக்கொண்டு அம்முறையை நடத்தின. டேடாப்பில் பயின்றோர் வழியாக அது மலேசியா வரை வந்தது. சான்டா மோனிக்காக் கடற்கரையில் சினனான் வாங்கிய மாளிகை 1999-இல் புதுப்பிக்கப்பட்டு உல்லாச விடுதியாகத் திறக்கப்பட்டது.