பெரியவர்களுக்காகப் பிறந்த கார்ட்டூன்

1960 செப்டம்பர் 30, வெள்ளிக்கிழமை இரவு 8.30 மணிக்கு அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் ‘தி ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்’ கார்ட்டூன் தொடர் தொடங்கியது. வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும் அதைப் பெரியவர்களையும் மனத்தில் வைத்தே உருவாக்கினர். ‘தி ஹனிமூனர்ஸ்’ தொடரின் சாயலில் கணவன் மனைவி சச்சரவு, வேலையிடத் தொல்லை, பக்கத்து வீட்டு நட்பு ஆகியவையே கதை; பின்னணியில் சிரிப்பொலி. தொடக்க ஆண்டுகளில் விளம்பரதாரர் வின்ஸ்டன் சிகரெட். தொடரின் நாயகன் ஃபிரெட்டும் அவனுடைய பக்கத்து வீட்டு நண்பன் பார்னியுமே விளம்பரத்தில் புகைத்தார்கள். குழந்தைகளும் விழித்திருக்கும் வேளையில் இது நடந்தது வருந்தத்தக்கது. 1963இல் ஃபிரெட், வில்மா தம்பதிக்குப் பெபிள்ஸ் என்ற மகள் பிறந்தாள். வெல்ச்ஸ் திராட்சைச் சாறு விளம்பரதாரரானது. கதைகளும் சிறுவர் பக்கம் சாய்ந்தன. 1966இல் தொடர் முடிந்தது. மறுஒளிபரப்பு சனிக்கிழமைக் காலைக்குப் போனபின், அது சிறுவர் நிகழ்ச்சி என்றே பலர் மனத்தில் பதிந்தது. கார்ட்டூன் குடும்பம் ஒன்று இரவு நேரத்தில் மீண்டும் வேரூன்ற 1989இல் ‘தி சிம்சன்ஸ்’ வரவேண்டியிருந்தது.