சிற்றரங்கும் பேரரங்கும்

நால்வர் நரம்புக் கருவிகளில் இசைப்பதற்கென்று உருசிய இசைப்புலவர் ஷோஸ்டகோவிச் 1960-ஆம் ஆண்டில் ஓர் இசையை இயற்றினார். பின்னர் ருடால்ஃப் பர்ஷாய் என்பார் அதனைப் பெரிய நரம்பிசைக் குழுவுக்கு ஏற்ப விரித்தமைத்தார். சிறியது பெரிதாகும்போது அதன் உயிர் மாறாதிருக்குமா? இவ்வினாவுக்கு விடை நம் தென்காசியை அடுத்தே உண்டு.

மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய குற்றாலக் குறவஞ்சிக்கு மதுரை நாயக்க மன்னர் நிலம் வழங்கினார்; அது குறவஞ்சிமேடு எனப் பெயர் பெற்றது. அந்நூலை 1944-ஆம் ஆண்டில் ருக்மிணிதேவி அம்மையார் கலாக்ஷேத்திரத்தின் நாட்டிய நாடகமாக்கினார். அரங்கு விரிந்தது, மலைவளம் கூறும் குறத்தியின் பெருமிதமோ கவிராயர் சொல்லிலேயே நின்றது. ஆட்டத்தை மட்டும் கண்டு நூலைப் படியாதவர் பாதியையே பெறுவர். பேரரங்கு வாயில், மூலநூலே வீடு. வாயிலோடு திரும்பிவிடாதீர்கள்.