நெஞ்சில் எழுதிய அறம்: தமிழ் நீதி நூல்களும் கிறித்தவச் சான்றோரும்

அறம் என்பது மாந்தன் தானே கண்டறிந்த ஒன்றா, அன்றி இறைவன் அவனுக்கு அருளிய ஒன்றா என்னும் வினா மிகப் பழமையானது. கிரேக்க நாட்டுப் பிளேட்டோ தம் 'யூதிஃப்ரோ' என்னும் உரையாடல் நூலிலேயே இதனை எழுப்பிவிட்டார். ஒரு செயல் தூயதாக இருப்பதால் தெய்வங்கள் அதனை விரும்புகின்றனவா, தெய்வங்கள் விரும்புவதால்தான் அது தூயதாகின்றதா என்பது அவ்வினாவின் சாரம். இருபத்து நான்கு நூற்றாண்டுகள் கழிந்த பின்னும் அறிஞர் உலகம் அதற்கு ஒருமித்த விடை கண்டதாகக் கூற இயலாது.

கிறித்தவ சமயம் இவ்வினாவுக்குத் தந்த விடை தெளிவானது. அறத்தின் ஊற்று இறைவனே என்பது அச்சமயத்தின் அடிப்படைக் கொள்கை. சீனாய் மலையில் மோசேயின் வழியாகப் பத்துக் கட்டளைகள் அருளப்பட்டன. இயேசு பெருமான் தம் மலைப்பொழிவில் அக்கட்டளைகளைச் செயலோடு நிறுத்தாமல் உள்ளத்தின் எண்ணம் வரைக்கும் கொண்டு சென்றார். கொலை செய்யாதிருத்தல் மட்டும் போதாது, உள்ளத்தில் சினம் வைத்தலும் குற்றமே என்பது அவர் காட்டிய நெறி.

அப்படியாயின் ஓர் ஐயம் எழுதல் இயல்பே. மோசேயையும் அறியாத, இயேசுவையும் அறியாத மக்களிடத்தில் அறம் காணப்பட்டால் அதற்கு என்ன விளக்கம்? தூய பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் இதற்கு விடை தருகின்றார். திருச்சட்டம் பெறாத பிற இனத்தார் தம் இயல்பாலேயே அச்சட்டம் வேண்டுவதைச் செய்வராயின், அது அவர்தம் நெஞ்சிலேயே எழுதப்பட்டுள்ளது என்பது அவர் கருத்து. அவர்களுடைய மனச்சான்றே அதற்குச் சாட்சி என்றும் அவர் கூறுகின்றார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த தாமஸ் அக்குவினார் (1225–1274) இதனை விரித்து 'இயற்கைச் சட்டம்' என்னும் கோட்பாடாக வளர்த்தார்.

ஐரோப்பியக் கல்விக்கூடங்களில் பயின்றவர்க்கு இது பெரும்பாலும் ஏட்டளவிலான கோட்பாடு. கடல் கடந்து தமிழகத்துக்கு வந்த கிறித்தவப் பாதிரிமார்க்கோ இது கண்முன் நின்ற வினாவாயிற்று. அவர்கள் அதற்கு எவ்வாறு விடை கண்டனர் என்பதைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தரங்கம்பாடியில் எழுந்த வியப்பு

டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரடெரிக்கு அனுப்பிய பார்த்தலோமேயு சீகன்பால்கு, தம் தோழர் புளூட்சோவுடன் 1706ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 9ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ இருபத்து நான்கு. திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு அமர்ந்து மணலில் எழுத்துப் பயின்ற அவர், இரண்டே ஆண்டுகளில் தமிழ் ஏடுகளைத் தேடித் திரட்டிப் படிக்கலானார். 1708இல் அவர் தொகுத்த தமிழ் நூற்பட்டியலில் 119 நூல்கள் இடம்பெற்றுள்ளன. திருக்குறளும் அவற்றுள் ஒன்று.

தாம் போதிக்க வந்த நாட்டில், பள்ளிச் சிறுவர் முதன்முதலாக மனப்பாடம் செய்யும் பாடமே நீதி நூலாக இருக்கக் கண்டபோது அவர் வியந்தார். அவ்வாண்டிலேயே நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகிய மூன்றையும் செருமானிய மொழியில் பெயர்த்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். இறைவன் எல்லா மாந்தர் நெஞ்சிலும் ஏற்றிவைத்த இயற்கை ஒளியால் இம்மக்கள் இவ்வளவு தூரம் அறத்தை உணர்ந்துள்ளனர் என்பதே அவர் கண்ட விளக்கம். அது பவுல் அடிகளின் விடையே என்பது வெளிப்படை.

ஆயினும் அவரை அனுப்பிய தாயகத்தார் இவ்வியப்பில் பங்கு கொள்ளவில்லை. அவர் 1713இல் எழுதி முடித்த தென்னிந்தியத் தெய்வங்களின் வரலாறு பற்றிய நூலைக் கண்ட ஆலே நகரத்துப் பிராங்கே, அஞ்ஞானத்தை வேரறுக்கவே தொண்டர்கள் அனுப்பப்பட்டனர், அதனை ஐரோப்பாவில் பரப்புவதற்கு அன்று என்னும் கருத்துப்பட மறுத்துரைத்தார் என்பர். அந்நூல் 1867இல்தான் சென்னையில் அச்சேறியது. நீதி நூல்களின் மொழிபெயர்ப்போ 1930இல்தான் ஆம்சுடர்டாம் நகரில் வெளிவந்தது. கொன்றைவேந்தன் ஐரோப்பிய அச்சைக் காண இருநூற்று இருபத்திரண்டு ஆண்டுகள் காத்திருந்தது!

இவ்விடத்தில் மற்றொரு செய்தியையும் நாம் நோக்குதல் வேண்டும். 1712 முதல் 1714 வரை தரங்கம்பாடிப் பாதிரிமார் விடுத்த வினாக்களுக்குத் தமிழர் பலர் மடல்கள் வாயிலாக விடை எழுதினர். அவற்றுள் 99 மடல்கள் செருமானிய மொழியில் பெயர்க்கப்பட்டு ஆலேயில் அச்சாயின. தங்கள் சமயம் நல்லதாகவே இருக்கலாம், ஆனால் அதனைச் சார்ந்தோர் ஒழுக்கம் அவ்வாறு இல்லையே என்னும் கருத்து அம்மடல்களில் எழுகின்றது. கரையோரக் கோட்டைகளில் வாழ்ந்த ஐரோப்பியரின் குடியும் முரட்டுத்தனமும் தமிழர் கண்ணுக்குத் தப்பவில்லை. அறம் கடவுளிடமிருந்து வந்தது என்று கூறுவோர் அதன்படி நடக்கின்றனரா என்பதே அவர்கள் வைத்த உரைகல்.

அவ்வுரைகல்லில் சீகன்பால்கு தேறினார். ஏழை விதவை ஒருத்தியின் கடன் வழக்கில் பரிந்து பேசியதை ஒட்டி எழுந்த பூசலில், தரங்கம்பாடிக் கோட்டையின் டேனியத் தளபதி அவரை நான்கு திங்கள் சிறையில் அடைத்தார். அடைத்தவரும் கிறித்தவர், அடைபட்டவரும் கிறித்தவர். ஒரே திருமறையைப் படித்த இருவருள் ஒருவருக்கு மட்டும் நெஞ்சில் எழுதிய எழுத்துப் புலப்பட்டது போலும்.

மயிலைக் கடற்கரைக் கற்பனை

சீகன்பால்குக்குப் பின்னர் இப்பணியில் ஈடுபட்டோர் பலர். இத்தாலி நாட்டு இயேசு சபைத் துறவியாகிய வீரமாமுனிவர் (1680–1747), திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் 1730ஆம் ஆண்டில் இலத்தீன் மொழியில் பெயர்த்தார். செருமானியராகிய கார்ல் கிரௌல் 1856இல் குறளைச் செருமானியத்தில் வெளியிட்டார். ஆங்கிலத்தில் குறள் முழுவதையும் செய்யுளாகத் தந்த பெருமை ஜி. யு. போப்பையருக்கு (1820–1908) உரியது. 1839இல் தமிழகம் வந்து, சாயர்புரத்திலும் தஞ்சையிலும் உதகையிலும் தொண்டாற்றிய அவர், பின்னர் ஆக்சுபோர்டில் தமிழ் கற்பித்த காலத்தில் 1886இல் அம்மொழிபெயர்ப்பை வெளியிட்டார்.

போப்பையர் தமிழ்மேல் கொண்டிருந்த காதல் உலகறிந்தது. ஆயினும் குறளின் அறம் எங்கிருந்து வந்தது என்னும் வினாவுக்கு அவர் தம் முன்னுரையில் தந்த விடை வேறு திசையிற் சென்றது. மயிலாப்பூரில் வாழ்ந்த வள்ளுவர், கடற்கரையில் கிறித்தவப் போதகரோடு உலவி உரையாடியிருக்கலாம் என்றும், கிறித்தவத் திருமறையும் அவருக்கு ஊக்கம் தந்த ஊற்றுகளுள் ஒன்றாகலாம் என்றும் அவர் கருதினார். தூய தோமாவை மயிலையோடு இணைக்கும் மரபு இக்கற்பனைக்குத் துணை நின்றது. பின்னாளிலும் சிலர் இக்கருத்தை மேலும் விரித்துரைத்தனர்.

இக்கருத்தை நடுவுநிலையோடு ஆராய்வோமாயின் அது நிற்பது அரிது. குறளில் ஊழுக்கு ஓர் அதிகாரம் உண்டு. புலால் மறுத்தலுக்கு ஓர் அதிகாரம் உண்டு. எழுபிறப்பு என்னும் எண்ணம் பல இடங்களில் வருகின்றது. இவை கிறித்தவக் கொள்கைகள் அல்ல. இயேசுவின் பெயரோ சிலுவையின் செய்தியோ 1330 குறட்பாக்களில் ஓரிடத்தும் இல்லை. கடவுள் வாழ்த்து முதல் அதிகாரமாக நின்றாலும், நான்காம் அதிகாரமாகிய அறன் வலியுறுத்தலில் அறத்தைக் கடவுளின் கட்டளை என்று வள்ளுவர் கூறவில்லை. அதன் பயனையும், உள்ளத் தூய்மையே அதன் இயல்பு என்பதையுமே கூறுகின்றார்.

இதனினும் முதன்மையான தடை ஒன்று உண்டு. போப்பையரே 1893இல் நாலடியாரை மொழிபெயர்த்தார். நாலடியார் சமண முனிவர் பாடியதென்பது மரபு. உலகைப் படைத்த இறைவன் ஒருவன் உளன் என்பதைச் சமணம் ஏற்பதில்லை. எனினும் அந்நூலில் ஆழ்ந்த கடமையுணர்வையும், தன்னலமற்ற ஈகையையும், நீதியின்மேற் கொண்ட பசியையும் தாகத்தையும் கண்டதாகப் போப்பையர் மனமுருகி எழுதுகின்றார். இத்தகைய பாடல்களில் இன்பம் காணும் மக்களுக்கு இறையருள் காத்திருக்க வேண்டும் என்றும் அவர் எண்ணினார். படைப்புக் கடவுளை ஏற்காதோர் நாவிலும் மலைப்பொழிவின் எதிரொலியை அவர் கேட்டார். அதற்கு எந்தக் கடற்கரை உரையாடலும் வேண்டியிருக்கவில்லை.

ஆகவே போப்பையரிடம் இரண்டு விடைகள் இருந்தன எனலாம். ஒன்று, தமிழர் அறம் கடன் வாங்கியது என்பது. மற்றொன்று, அது அவர்தம் நெஞ்சிலேயே இருந்தது என்பது. முன்னது ஆய்வாளரின் ஊகம். பின்னது பாடலைப் படித்து உருகிய பக்தரின் அனுபவம். கிறித்தவக் கொள்கைக்கும் பவுல் அடிகளின் கூற்றுக்கும் பொருந்துவது பின்னதே என்பது என் கருத்து. எல்லா மாந்தர்க்கும் தந்தையான இறைவன், தன் அறத்தைத் தோமா வந்து சேரும் வரையில் தமிழர்க்குக் காட்டாமல் வைத்திருந்தான் என்பது அவ்விறைவனுக்கே பெருமை தருவதாகாது.

மாயூரத்து முனிசீப்

பாதிரிமார் இவ்வாறு வெளியிலிருந்து ஆராய்ந்ததை, உள்ளிருந்தே வாழ்ந்து காட்டியவர் ஒருவர் உண்டு. அவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889). திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் தோன்றிய அவர், தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் முனிசீப்பாகப் பணிபுரிந்தார். சீகன்பால்கு நீதி நூல்களைக் கண்டு வியந்த அதே தரங்கம்பாடியில், ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் ஒரு தமிழ்க் கிறித்தவர் நீதி வழங்கினார்.

அவர் 1859இல் இயற்றிய 'நீதி நூல்' முழுக்க முழுக்கத் தமிழ் அற நூல் மரபில் அமைந்தது. தெய்வத்தில் தொடங்கிப் பெற்றோர், இல்லறம், அரசியல், ஈகை என அது விரிகின்றது. அரசுப் பணியாளர் கைக்கூலி வாங்குவதை அவர் கடிந்து பாடியிருப்பது, நம்மைப் போன்ற அரசு ஊழியர்கள் ஊன்றிப் படிக்க வேண்டிய பகுதியாகும். நூலாசிரியரின் கடவுள் கிறித்தவக் கடவுளே. ஆனால் அந்நூலைப் படிக்கும் சைவரோ வைணவரோ அதில் தமக்கு அயலான ஓர் அறத்தைக் காண்பதில்லை. 'சர்வசமய சமரசக் கீர்த்தனை' பாடியவரும் இவரே. தமிழின் முதல் புதினமாகிய 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை 1879இல் வெளியிட்டவரும் இவரே.

சமயம் கடந்து அவரைப் போற்றியோர் பலர். சைவப் பெரும்புலவராகிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்மீது 'குளத்துக்கோவை' பாடினார். திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகரோடு அவர் கொண்டிருந்த நட்பை உ. வே. சாமிநாதையர் தம் வரலாற்றில் குறித்துள்ளார். 1876 முதல் 1878 வரை தென்னகத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தின்போது வேதநாயகம் பிள்ளை தம் பொருளைச் செலவிட்டுப் பசித்தோர்க்குக் கஞ்சி வார்த்தார். அவ்வள்ளன்மையைக் கண்டு உருகி, நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து கீர்த்தனை இயற்றினார் என்பர்.

கஞ்சித் தொட்டியின் முன் நின்ற பசித்தவன், அக்கஞ்சி மலைப்பொழிவிலிருந்து வந்ததா, விருந்தோம்பல் அதிகாரத்திலிருந்து வந்ததா என்று கேட்டிருக்க மாட்டான். வார்த்தவரும் இரண்டையும் பிரித்துப் பார்த்திருக்க மாட்டார். திருமறை வாயிலாகக் கேட்ட அறமும் தாய்மொழி வாயிலாகக் கேட்ட அறமும் ஒரே குரலாக அவர் காதில் விழுந்தன.

அறிதலும் நடத்தலும்

ஆயின், அறம் நெஞ்சில் எழுதப்பட்டிருந்தால் மாந்தர் ஏன் அதன்படி நடப்பதில்லை? திருக்குறளைப் போற்றிய சமுதாயமே சாதியின் பெயரால் உடன்பிறந்தோரைச் சேரிக்கு வெளியே நிறுத்தாமல் சேரிக்குள்ளே பூட்டி வைத்தது. மலைப்பொழிவைப் படித்த திருச்சபையும் இதில் தப்பவில்லை. தமிழகத்துக் கோயில்களில் சாதிவாரியாக இருக்கை வகுக்கப்பட்டிருந்தது. 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் சாதி வேற்றுமையைச் சபைக்குள் முற்றாக விட்டொழிக்க வேண்டுமென ஆணையிட்டபோது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே வெளியேறினர். எழுதப்பட்ட சட்டம் இருந்தாலும், அதனைப் படிக்க மறுக்கும் கண்களும் இருக்கின்றன.

அறிவியலாரும் தம் விடையைத் தந்துள்ளனர். சார்லசு டார்வின் 1871இல் வெளியிட்ட நூலில், கூடி வாழும் உயிர்களின் இயல்புணர்ச்சியிலிருந்தே மாந்தனின் அறவுணர்வு வளர்ந்தது என்றார். நம்பிக்கையுடையோர் பலர் இதற்கு அஞ்சவில்லை. எழுத்து எவ்வழியால் எழுதப்பட்டது என்பதை அது விளக்கலாம். எழுதியவன் இல்லை என்பதை அது நிறுவவில்லை என்பது அவர்கள் மறுமொழி. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் மனச்சான்றை இறைவன் மாந்தன் உள்ளத்தில் பொறித்த சட்டம் என்றே உரைத்தது. அம்மனச்சான்றின் வழியே கிறித்தவர் ஏனைய மக்களோடு இணைந்து உண்மையைத் தேட வேண்டும் என்றும் கூறியது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு தனியாய் நின்று கூறியதைப் பின்னாளில் உலகப் பெருஞ்சபை ஒன்று ஆவணமாக்கிற்று.

தாய்நிலத்தை விட்டு வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு இவ்வரலாறு அயலானதன்று. பல மொழியினரும் பல சமயத்தினரும் ஒரே அலுவலகத்தில் அருகருகே அமர்ந்து பணிபுரிகின்றோம். நம் பிள்ளைகள் குருநானக்கின் வாக்கையும் கபீரின் வாக்கையும் பள்ளியில் கற்று வந்து, இது நம் குறளில் உள்ளதுதானே என்று கேட்கின்றனர். யார் யாரிடம் கடன் வாங்கினர் என்று வழக்காடுவது அப்பிள்ளைகளுக்கு நாம் தரும் விடையாகாது. அறத்தை அருளியவன் இறைவன் என்று நம்புவோர், அவன் அதனை எல்லார்க்கும் அருளினான் என்பதையும் நம்புதல் வேண்டும். அவ்வாறு நம்பாதோரும், அறம் எல்லார் நெஞ்சிலும் உள்ளது என்பதைக் கண்கூடாகக் காண்கின்றனர்.

தரங்கம்பாடித் தமிழர் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் மடலில் எழுதிக் கேட்ட கேள்வி இன்றும் நம் அனைவர்முன்னும் நிற்கின்றது. அறத்தின் ஊற்று எது என்பதில் சமயங்கள் வேறுபடலாம். அந்நீர் நம் வயலில் பாய்கின்றதா என்பதற்கு, நாம் எச்சமயத்தாராயினும், நம் வாழ்வால்தான் விடை கூற இயலும்.